ஆற்றில் கால் ஊன்ற யாரைக் கேட்க வேண்டும்?

காவிரியிலோ தாமிரபரணியிலோ குளிக்க இறங்குகிறவரை யாரும் பட்டாவைக் காட்டித் தடுப்பதில்லை. வயல் பட்டாதாரருக்கு, ஆறு ஊருக்கு என்பது நமக்குச் சொல்லித் தராமலே தெரிந்த கணக்கு. கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்தவர் தூண்டிலோடு வருகிறவனை விரட்டலாம். அது மீனைப் பற்றிய வழக்கு. ஓடும் ஆற்றில் காலை நனைப்பதற்கே நிலக்காரர் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடாது.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அது அன்றாடச் சங்கதி. அங்கே பல ஆறுகளில் ஓடும் நீர் பொதுச் சொத்து, அடியில் கிடக்கும் கூழாங்கல் தனியார் சொத்து. கொலராடோவில் அப்படிப்பட்ட ஓர் ஆற்றில் ரப்பர் படகில் மிதந்து போகிறவர் குற்றவாளி அல்ல. அதே ஆள் படகிலிருந்து இறங்கி, முழங்கால் ஆழ நீரில் நின்று தூண்டில் வீசினால் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுவார். வடக்கே ஒரு மாநிலம் தாண்டி மோன்டானாவுக்குப் போனால், அதே முழங்கால் ஆழ நீரில் நாள் முழுக்க நிற்கலாம். நிலக்காரர் கரைமேல் நின்று முறைக்கலாம், அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். மோன்டானாவையே மையமாக வைத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்கு அந்த மாநிலம் எழுதி வைத்திருக்கும் பதில் அளவுக்குத் தெளிவான பதில் அமெரிக்காவில் அதிகம் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆற்று உரிமை என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது சட்டத்தின் கண்ணில் மூன்று தனித்தனிப் பொருள்கள். ஓடும் நீர் ஒன்று. நீருக்கு அடியில் உள்ள படுகையும் இருபுறக் கரையும் இன்னொன்று. சாலையிலிருந்து கரைவரை வந்து சேரும் வழி மூன்றாவது. மூன்றுக்கும் வெவ்வேறு சொந்தக்காரர்கள் இருக்கலாம். நீரைக் கொடுத்துவிட்டுப் படுகையை மறுத்தால் நிற்க இடமில்லை. படுகையையும் கொடுத்துவிட்டு வழியை மறுத்தால் வானத்திலிருந்துதான் குதிக்க வேண்டும். மோன்டானாவில் நடந்த வழக்குகள் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைப் பற்றியவை.

ரோமாபுரியில் தொடங்கிய வழக்கு

6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த சட்ட நூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கையாகவே எல்லோருக்கும் பொது என்கிறது. ஆறுகளும் துறைமுகங்களும் பொது, அவற்றில் மீன்பிடிக்கும் உரிமை யாருக்கும் உண்டு என்பது அதற்கு அடுத்து வருகிறது. கரையைப் பற்றிச் சொல்லும் இடம்தான் நுட்பமானது. கரை பக்கத்து நிலக்காரருக்குச் சொந்தம். ஆனாலும் அதில் படகைக் கட்டவும், அங்குள்ள மரத்தில் கயிற்றைச் சுற்றவும், சரக்கை இறக்கி வைக்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது அந்த நூல். சொந்தம் ஒருவருக்கு, பயன்பாடு எல்லோருக்கும் என்ற இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் தேவைப்படும்.

இந்தக் கருத்து இங்கிலாந்து வழியாக அமெரிக்காவுக்குப் போய்ப் பொது நம்பிக்கைக் கோட்பாடு என்று பெயர் பெற்றது. நீர்நிலைகளை அரசு மக்களுக்காகக் காத்து வைத்திருக்கிறது, தன் விருப்பப்படி விற்றுவிட முடியாது என்பது அதன் சாரம். சிகாகோ நகரின் கரையோரத்தில் மிச்சிகன் ஏரியின் படுகையை இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் 1869இல் ஒரு ரயில்வே நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றது. அப்படித் திரும்பப் பெற்றது சரியே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892இல் சொன்னது. நம் உச்ச நீதிமன்றமும் இதே கோட்பாட்டைக் கையில் எடுத்திருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் போக்கையே ஒரு விடுதி தன் வசதிக்குத் திருப்பிவிட்ட வழக்கில், 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு ரோமானியச் சட்டத்தையும் இல்லினாய் வழக்கையும் எடுத்துக்காட்டி, அந்தக் கோட்பாடு இந்தியாவுக்கும் பொருந்தும் என்றது.

சரி, அமெரிக்காவில் படுகை எப்படித் தனியார் கைக்குப் போனது? அங்கே அடிப்படை விதி இதுதான்: ஒரு பகுதி மாநிலமாக அறிவிக்கப்பட்ட நாளில் எந்தெந்த ஆறுகள் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றவையாக இருந்தனவோ, அவற்றின் படுகை அன்றே மாநிலத்துக்குச் சேர்ந்துவிடும். மற்ற ஆறுகளின் படுகை கரையோர நிலத்தோடு சேர்ந்து போகும். இரு கரையிலும் வெவ்வேறு ஆட்கள் இருந்தால் பொதுவாக ஆற்றின் நடுக்கோடுதான் எல்லை. மோன்டானா மாநிலமானது 1889 நவம்பர் 8. ஆகவே ஓர் ஆற்றுப் படுகை யாருடையது என்று இன்று சண்டை வந்தால், வழக்கறிஞர்கள் அந்த நாளில் அந்த ஆறு எப்படி இருந்தது என்று பழைய பத்திரிகைகளையும் வரைபடங்களையும் புரட்ட ஆரம்பிக்கிறார்கள்.

போக்குவரத்துக்கு ஏற்றது என்றால் நீராவிக் கப்பல்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. வணிகத்துக்கு உதவும் நீர்வழியாக இருந்ததா, அல்லது இருக்கக்கூடிய நிலையில் இருந்ததா என்பதே அளவுகோல். மலைநாட்டு ஆறுகளில் அந்த வணிகம் பெரும்பாலும் மரம். காட்டில் வெட்டிய கட்டைகளை வசந்த கால வெள்ளத்தில் உருட்டிவிட்டால் அவை மிதந்து மரஅறுவை ஆலைக்கு வந்து சேரும். ஒரு ஆண்டில் ஒரே ஒரு முறை கட்டை மிதந்து வந்ததற்கான குறிப்பு கிடைத்தால்கூட அது சாட்சி. ஐடகோ மாநிலம் இதற்கும் ஒருபடி மேலே போய், 6 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரக்கட்டை மிதக்கக்கூடிய ஓடையே போதும் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு மரவெட்டிகள் தாங்கள் உருட்டிவிட்ட கட்டைகள் தூண்டில்காரர்களுக்குச் சாட்சி சொல்லும் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு ஆறுகள், இரண்டு தீர்ப்புகள்

மோன்டானாவில் 1972இல் புதிய அரசியலமைப்பை எழுதினார்கள். மாநில எல்லைக்குள் உள்ள மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், வெள்ள நீர், வானத்து நீர் அனைத்தும் மக்களின் பயன்பாட்டுக்காக மாநிலத்தின் சொத்து என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. பாசனத்தை மனத்தில் வைத்து எழுதிய வாக்கியம்தான் என்று யாரும் வாதாடலாம், வாதாடவும் செய்தார்கள்.

அதே காலத்தில் ரப்பர் படகில் ஆற்றில் மிதப்பதும் செயற்கை ஈ கட்டிய தூண்டிலால் டிரவுட் மீன் பிடிப்பதும் பெருகின. பண்ணையாளர்களோடு உரசல் தொடங்கியது. ராக்கி மலை முகப்பில் பிறந்து மிசௌரியில் கலக்கும் டியர்போர்ன் ஆற்றங்கரையில் பண்ணை வைத்திருந்த கர்ரன் என்பவர், தன் நிலத்தின் வழியாக ஓடும் ஆற்றுப் படுகை தன்னுடையது, மேலே மிதக்கவும் கூடாது என்றார். பீவர்ஹெட் ஆற்றில் ஹில்ட்ரெத் என்பவர் ஆற்றின் குறுக்கே கம்பி கட்டிவிட்டார். ஆற்று உரிமைக்காகச் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு இருவர் மீதும் வழக்குப் போட்டது. மாநில உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளும் 1984இல், அடுத்தடுத்து வந்தன.

டியர்போர்ன் வழக்கில் பழைய மரக்கட்டைகள் நீதிமன்றத்துக்கு வந்தன. 1880களின் பிற்பகுதியில் ரயில் பாதைக்கான குறுக்குக் கட்டைகள் அந்த ஆற்றில் மிதந்து வந்திருக்கின்றன. ஆகவே படுகையே மாநிலத்துடையது. நீதிமன்றம் அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. படுகை யாருடையது என்பதே இங்கே பொருட்டில்லை என்று அடுத்த அடி வைத்தது. நீர் மக்களுக்காக மாநிலத்தின் சொத்து. ஆகவே பொழுதுபோக்குக்குப் பயன்படக்கூடிய எந்த மேற்பரப்பு நீரையும், அடியில் உள்ள நிலம் யாருக்குச் சொந்தமானாலும், மக்கள் அதற்குப் பயன்படுத்தலாம். பீவர்ஹெட் வழக்கில் இன்னும் துணிந்து, நீரில் நின்றும் மிதந்தும் பயன்படுத்துவதற்குத் தேவையான அளவுக்குப் படுகையையும் கரையையும் பயன்படுத்தலாம், குறுக்கே தடை இருந்தால் நிலக்காரருக்கு மிகக் குறைந்த தொந்தரவு தரும் விதத்தில் கரையேறிச் சுற்றிப் போகலாம் என்றது. கர்ரனின் பத்திரத்தை யாரும் கிழிக்கவில்லை. ஜஸ்டினியனின் கரையைப் போல, சொந்தத்தை விட்டுவிட்டுப் பயன்பாட்டை மட்டும் பிரித்து எடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1985இல், சட்டமன்றம் இந்தத் தீர்ப்புகளை ஒரு சட்டமாக எழுதியது. தூண்டில்காரர்களும் பண்ணையாளர் சங்கங்களும் பேரம் பேசிய சட்டம் என்பதால், அதில் இரு பக்கத்து விரல் ரேகையும் தெரியும்.

எதுவரை போகலாம்?

சட்டத்தின் மையம் ஒரு கோடு. ஆங்காங்கே கல் நட்டு அளந்த கோடு அல்ல. நீரே போட்டுவிட்டுப் போகும் கோடு. வழக்கமான உயர்நீர்க் கோடு என்று சொல்லலாம். நீர் போதிய காலம் மூடியிருந்ததால், அதற்குக் கீழே உள்ள நிலம் மேலே உள்ள நிலத்திலிருந்து கண்ணுக்கு வேறாகத் தெரியும் இடம் எதுவோ அதுவே எல்லை. நிலத்துச் செடிகள் ஏறக்குறைய முழுவதும் அற்றுப்போயிருப்பது அதற்கு ஓர் அடையாளம் என்று சட்டமே சொல்கிறது.

மோன்டானா ஆறுகளில் இதைப் பார்ப்பது கடினமல்ல. மே கடைசியிலிருந்து ஜூன் வரை மலைப் பனி உருகி ஆறு கரை முட்ட ஓடும். ஆகஸ்டில் நீர் வற்றி, இருபுறமும் வெளுத்த கூழாங்கல் திட்டுகள் தலை காட்டும். அந்தத் திட்டில் நின்று கரையைப் பாருங்கள். கல்லில் பழுப்புக் கறை ஒன்று ஓரிடத்தில் முடிகிறது. அதற்கு மேலே உள்ள கற்களில் கல்பாசி ஒட்டியிருக்கிறது. மண் கரையானால், வேர்கள் வெளியே தொங்கும் அரித்த விளிம்புக்கு மேலே புல் தொடங்குகிறது. அந்தப் புல்லின் தொடக்கம்தான் ஏறத்தாழ எல்லை. ஆகஸ்டில் உலர்ந்து கிடக்கும் கூழாங்கல் திட்டு முழுவதும் கோட்டுக்குக் கீழே. நீங்கள் அதில் நடக்கலாம், உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். புல்லில் கால் வைத்தால் வேறு கதை. வசந்த வெள்ளம் வந்து தேங்கிப் போன வைக்கோல் வயல் கணக்கில் சேராது. வெள்ளச் சமவெளி உயர்நீர்க் கோட்டுக்குள் வராது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

கோட்டுக்கு மேலே யாருடைய நிலம், அங்கே நுழையலாமா என்று எப்படித் தெரியும்? வேலிக் கம்பத்தைப் பார்க்க வேண்டும். பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் குறைந்தது 50 சதுர அங்குலம் சாயம் பூசியிருந்தால், அது நுழையாதே என்று எழுதி மாட்டிய பலகைக்குச் சமம். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் ஏற்பாடு.

கோட்டுக்குள் என்னென்ன செய்யலாம் என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது: மீன்பிடித்தல், நீந்துதல், சிறு படகிலோ மிதவையிலோ போதல், துடுப்புப் படகு, வேறு விதி தடுக்காத இடத்தில் மோட்டார் படகு, அவற்றோடு தவிர்க்க முடியாமல் ஒட்டி வரும் செயல்கள். 1985 சட்டம் இன்னும் தாராளமாக, இரவில் கூடாரம் போடுவது, நீர்ப்பறவை வேட்டைக்கு மறைவிடம் அமைப்பது போன்றவற்றையும் சில ஆறுகளில் அனுமதித்தது. நிலக்காரர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். 1987இல் வந்த தீர்ப்பு அவற்றை வெட்டியது. நீரைப் பயன்படுத்துவதற்குத் தேவையானது எதுவோ அது மட்டுமே மக்கள் உரிமை. கூடாரமும் மறைவிடமும் பெரிய விலங்கு வேட்டையும் அதில் வராது. தடையைச் சுற்றிப் போகப் பாதை அமைக்க வேண்டியிருந்தால் அதன் செலவை நிலக்காரர் தலையில் கட்டக் கூடாது. என்னைக் கேட்டால், 1984 தீர்ப்புகள் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்த 1987 தீர்ப்பும் ஒரு காரணம். பிடுங்கியதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்த தீர்ப்பு அது.

சட்டத்திலேயே நிலக்காரருக்கான பாதுகாப்புகளும் உண்டு. ஆற்றில் வந்தவர் வழுக்கி விழுந்தால் நிலக்காரர் பொறுப்பல்ல, வேண்டுமென்றே ஆபத்து விளைவித்திருந்தால் தவிர. எத்தனை ஆண்டுகள் வந்து போனாலும் அந்தப் பழக்கத்தைக் காட்டி நிரந்தர உரிமை கோரவும் முடியாது. ஏரிகளும் பாசன வாய்க்கால்களும் இந்தச் சட்டத்தில் சேரவில்லை.

அந்தக் கடைசி விலக்கில் ஒரு பெரிய வழக்கு ஒளிந்திருந்தது. பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் மிட்செல் ஸ்லூ என்று ஒரு நீரோடை இருக்கிறது. ஏறக்குறைய 16 மைல் நீளம். அதன் கரையில் நிதித் துறைப் பெருந்தனக்காரர் சார்லஸ் ஷ்வாப், ராக் பாடகர் ஹியூயி லூயிஸ் போன்றவர்கள் நிலம் வாங்கினார்கள். ஓடையைச் சீர்படுத்தினார்கள், மீன் பெருகியது. பிறகு, இது மனிதன் வெட்டிய வாய்க்கால், ஆறல்ல, ஆகவே பொதுமக்கள் வரக் கூடாது என்றார்கள். பல தலைமுறைகளாகப் பாசனத்துக்காக மடைகளும் மதகுகளும் வைத்துத் திருத்தப்பட்ட ஓடைதான் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1872இல் வரைந்த நில அளவை வரைபடத்தில் ஏறத்தாழ அதே தடத்தில் ஒரு நீரோட்டம் இருந்தது. 2008இல் மாநில உச்ச நீதிமன்றம் அது இயற்கை ஓடையே என்றது. மனிதன் கைவைத்த ஆறெல்லாம் ஆறல்ல என்று ஆகிவிட்டால், மேற்கு அமெரிக்காவில் ஆறு என்று ஒன்று மிஞ்சுமா என்பது நியாயமான கேள்விதானே.

பாலத்தடியில் நடந்த சண்டை

நீரும் படுகையும் திறந்தாயிற்று. மூன்றாவது, வழி.

மோன்டானா சட்டம் தனியார் வயலைக் கடந்து ஆற்றுக்குப் போகும் உரிமையை யாருக்கும் தரவில்லை. ஆகவே முக்கியமான நுழைவாயில்கள் இரண்டு வகை. ஒன்று, மாநில மீன், வனவிலங்கு, பூங்காத் துறை வைத்திருக்கும் மீன்பிடி இறங்குதுறைகள். இவை மாநிலம் முழுக்க 300க்கும் மேல் உண்டு. இன்னொன்று, பொதுச் சாலை ஆற்றைக் கடக்கும் பாலம். சாலை பொது, ஆறு பொது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்குவதை யார் தடுப்பது?

தடுத்தார்கள். தென்மேற்கே மாடிசன் கவுண்டியில் ரூபி ஆறு ஓடுகிறது. அகலம் குறைந்த, வளைந்து நெளிந்து போகும் ஆறு. பழுப்பு டிரவுட்டுக்குப் பேர்போனது. அட்லாண்டாவின் காக்ஸ் எண்டர்பிரைசஸ் என்ற பெரும் ஊடக நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் காக்ஸ் கென்னடி அந்தக் கரையில் மைல் கணக்கில் நிலம் வாங்கினார். பாலங்களின் கைப்பிடிச் சுவரோடு வேலி சேர்த்துக் கட்டப்பட்டது; சாலையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் அந்தச் சில அடி இடைவெளி அடைபட்டது. சில அடி அடைபட்டால் அந்தப் பகுதி ஆறு முழுவதும் அடைபட்டதாகத்தான் பொருள்.

2009இல் சட்டமன்றம் ஒரு தனிச் சட்டம் போட்டது. மாட்டைத் தடுக்கப் பாலத்தில் வேலி கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆள் நுழையும் அளவுக்குக் கதவோ, ஏணியோ, இடைவெளியோ இருக்க வேண்டும். ஆனாலும் ரூபி ஆற்றின் ஒரு பாலத்தில் சிக்கல் நீடித்தது. அந்தச் சாலை அரசு விலைகொடுத்து வாங்கிய சாலை அல்ல. ஊரார் நெடுங்காலம் நடந்து நடந்து உரிமை பெற்ற சாலை. அப்படிப்பட்ட சாலையில் வண்டி உருளும் தடம் மட்டும்தான் பொதுவா, அதன் ஓரமும் பொதுவா? 2014 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், சாலையையும் பாலத்தையும் பராமரிக்கத் தேவையான ஓரமும் சாலையோடு சேர்ந்ததே, அந்த ஓரத்தின் வழியாக மக்கள் ஆற்றுக்கு இறங்கலாம் என்றது. ஆற்று உரிமைச் சட்டமே தன் சொத்தைப் பறிக்கிறது என்ற கென்னடியின் வாதமும் அதே வழக்கில் தோற்றது.

மேடைகளில் பெரிய தத்துவமாகப் பேசப்படும் பொது உரிமை, கடைசியில் ஒரு பாலத்தின் தூணுக்கும் வேலிக்கம்பிக்கும் நடுவே மூன்றடி இடைவெளி இருக்கிறதா என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

அதே வாக்கியம், எதிர்த் தீர்ப்பு

இனி கொலராடோ. அங்கே 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இயற்கை ஓடைகளின் நீர் மக்களின் சொத்து என்று எழுதியிருக்கிறது. மோன்டானா வாக்கியத்துக்கு அண்ணன் என்றே சொல்லலாம். 1976 கோடையில் சிலர் கொலராடோ ஆற்றில் ஒரு பண்ணையின் வழியாக மிதந்து போனார்கள். ஆழமில்லாத இடங்களில் மிதவை அடியைத் தொட்டது. பண்ணையாளர் புகார் செய்ய, அத்துமீறி நுழைந்ததாகத் தண்டனை கிடைத்தது. 1979இல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அந்த வாக்கியம் பாசனத்துக்கு நீர் எடுப்பதைப் பற்றியது, படகு விடுவதைப் பற்றியது அல்ல. நிலம் யாருடையதோ அதன் மேலுள்ள வெளியும் அவருடையது என்றது. மோன்டானாவில் எடுபடாத அதே வாதம் இங்கே எடுபட்டது. 1983இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர், அடியைத் தொடாமல் மிதந்தால் குற்றமல்ல என்று விளக்கம் கொடுத்தார். அன்றிலிருந்து அங்கே சங்கதி எல்லாம் காலில்தான் இருக்கிறது. ஆர்கன்சா ஆற்றில் கால் ஊன்றி மீன்பிடித்து நிலக்காரரோடு மோதல் வந்த ஒருவர், 1876இல் இந்த ஆறு போக்குவரத்துக்கு ஏற்றதாக இருந்தது, ஆகவே படுகை மாநிலத்துடையது என்று வழக்குப் போட்டார். 2023இல் உச்ச நீதிமன்றம் அவர் சொன்னது சரியா தவறா என்று பார்க்கவே இல்லை. மாநிலத்தின் சொத்துக்காக வாதாட உமக்கு என்ன தகுதி என்று திருப்பி அனுப்பிவிட்டது.

மற்ற மாநிலங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே. வயோமிங்கில் 1961 தீர்ப்பின்படி மிதக்கலாம்; படகு மணலில் தட்டினால் இறங்கித் தள்ளலாம்; அதற்கு மேல் நின்று மீன்பிடிக்கக் கூடாது. யூட்டாவில் 2008இல் நீதிமன்றம் கால் ஊன்றலாம் என்றது, 2010இல் சட்டமன்றம் பெரும்பாலும் அதைத் திரும்பப் பிடுங்கியது, 2023இல் நீதிமன்றம் சட்டமன்றத்தின் பக்கம் நின்றது. நியூ மெக்சிகோவில் 2022இல் நீதிமன்றம் கால் ஊன்றும் உரிமையை உறுதி செய்தது. 1945இலேயே அங்கு வந்த ஒரு தீர்ப்பு, ஸ்பானிய, மெக்சிகோ ஆட்சிக் காலச் சட்டங்கள்வரை பின்னோக்கிப் போய் ஆற்று நீர் பொதுவே என்று சொல்லியிருந்தது.

மோன்டானாவின் வழி எவ்வளவு உறுதியானது என்பது 2012இல் தெரிந்தது. மின் நிறுவனம் ஒன்று மிசௌரி முதலான மூன்று ஆறுகளின் படுகையில் அணைகள் வைத்திருந்தது; படுகை எங்களுடையது, வாடகை கொடு என்று மாநிலம் கேட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஓர் ஆறு போக்குவரத்துக்கு ஏற்றதா என்று பகுதி பகுதியாகத்தான் பார்க்க வேண்டும்; கிரேட் ஃபால்ஸ் அருவிகளில் 1805இல் மேற்கை ஆராயச் சென்ற லூயிஸும் கிளார்க்கும் படகுகளைக் கரையில் இழுத்துக்கொண்டு சுற்றித்தானே போனார்கள் என்றது. மாநிலம் தோற்றது. ஆனால் தூண்டில்காரர்களுக்கு ஒன்றும் போகவில்லை. அவர்கள் உரிமை படுகையின் பத்திரத்தில் தொங்கவில்லை என்பதை 1984லேயே தீர்த்துவிட்டார்களே.

பொது என்றால் யாருக்குப் பொது என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. மோன்டானாவின் பிக்ஹார்ன் ஆறு க்ரோ பழங்குடியினரின் ஒதுக்கு நிலத்துக்குள் ஓடுகிறது. 1868 ஒப்பந்தப்படி அது தங்கள் நிலம் என்று சொல்லி, வெளியார் மீன்பிடிப்பதை அவர்கள் தடை செய்தார்கள். 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படுகை மோன்டானா மாநிலத்துக்குச் சேர்ந்துவிட்டது, தங்களுக்குச் சொந்தமில்லாத இடத்தில் வெளியாரைத் தடுக்கும் அதிகாரம் க்ரோ மக்களுக்கு இல்லை என்றது. இன்று உலகெங்கும் இருந்து டிரவுட் பிடிக்க வரும் ஆறு அது. பண்ணையாளரின் வேலியைத் திறக்க வைத்ததும் பழங்குடியினரின் கதவைத் திறக்க வைத்ததும் ஒரே நியாயம்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலாவதில் பெரிய சொத்துக்காரர் ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். இரண்டாவதில் ஏற்கெனவே ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்தவர்கள் மிச்சத்தையும் இழந்தார்கள்.

மோன்டானாவுக்குப் போய்த் தூண்டில் போட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆற்றில் இறங்கும் உரிமை வேறு, மீனைப் பிடிக்கும் உரிமை வேறு. முன்னதற்கு நிலக்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்னதற்கு மாநில மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். எந்த ஆற்றில் எந்த மாதத்தில் எத்தனை மீன், எந்த வகைத் தூண்டில் என்பதெல்லாம் ஆண்டுதோறும் வெளியாகும் விதிப் புத்தகத்தில் இருக்கும். கோடையில் நீர் அதிகம் சூடாகிவிட்டால், மீன் தாங்காது என்று சில ஆறுகளில் பிற்பகல் 2 மணிக்கு மேல் மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். அப்போதும் நீந்தலாம், மிதக்கலாம், கூழாங்கல் திட்டில் உட்காரலாம்.